நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு எந்தச் செல் வரிசை? உறைபெட்டியைத் திறப்பதற்கு முன்

கேள்வி இதுதான். முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு, சிறுகுடலிலும் கணையத்திலும் ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளின் மீது சில மருந்துகளைச் சோதிக்கும் வேலை தரப்பட்டிருக்கிறது. ஆய்வகத்தின் உறைபெட்டியில் பான்-1, கியூஜிபி-1, கேஆர்ஜே-ஐ என்று மூன்று செல் வரிசைகள், அதாவது ஒரு நோயாளியின் திசுவிலிருந்து எடுத்துக் குடுவையில் முடிவில்லாமல் வளர்க்கப்படும் செல்கள், இருக்கின்றன. "இவற்றில் எது சிறந்தது? மூன்றிலும் ஒரே முடிவு வந்தால் அதை நம்பலாமா?" என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஆர்ஜே-ஐயைத் தொடாதீர்கள், அது கட்டிச் செல்லே அல்ல. மற்ற இரண்டும் நியூரோஎண்டோகிரைன் செல்கள்தாம், ஆனால் நோயாளிகள் பலரிடம் பல ஆண்டுகள் மெதுவாக வளரும் அந்தக் கட்டியைப் போல அவை நடந்துகொள்வதில்லை. எனவே மூன்றிலும் ஒரே முடிவு வந்தால் மகிழ்ச்சி அடைவதை விட, ஏன் அப்படி வந்தது என்று கவலைப்படுவதே பொருத்தம். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

இந்தக் கட்டியின் இயல்பிலிருந்து தொடங்குகிறேன். 1907-ல் ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் சீக்ஃபிரீட் ஓபெர்ண்டார்ஃபர் சிறுகுடலில் கண்ட சில கட்டிகளுக்குக் 'கார்சினாய்டு' என்று பெயர் வைத்தார். புற்றுநோயைப் போலத் தோன்றினாலும் புற்றுநோயின் வேகம் அவற்றுக்கு இல்லை என்பது அந்தப் பெயரின் உட்பொருள். இவையும் பரவும், கல்லீரலுக்குப் போகும், உயிரைக் குடிக்கும் என்பது பிற்பாடுதான் தெளிவானது. ஆனால் மெதுவாக வளரும் என்ற பகுதி பெரும்பாலான கட்டிகளுக்கு இன்றும் உண்மை. கட்டியில் எத்தனை விழுக்காடு செல்கள் பெருகும் நிலையில் இருக்கின்றன என்பதைக் காட்டும் கேஐ-67 அளவை வைத்துத்தான் இவற்றைத் தரம் பிரிக்கிறார்கள்: 3 விழுக்காட்டுக்குக் கீழே முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். முதல் தரக் கட்டி ஒன்றில் நூறு செல்களை எண்ணினால் பெருகும் நிலையில் இருப்பவை ஒன்றோ இரண்டோதான். இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். கீழே சொல்லப்போகும் அத்தனைச் சிக்கலும் இதிலிருந்து கிளைப்பதுதான்.

நோய் அரியது. அமெரிக்கப் புள்ளிவிவரத்தில், உடலின் எல்லா இடங்களிலும் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளைச் சேர்த்து, 1973-ல் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 1.09 என்று இருந்தது 2012-ல் 6.98 ஆனது. உயர்வில் பெரும்பங்கு நல்ல ஸ்கேன்களாலும் எண்டோஸ்கோப்பியாலும் வந்தது என்பது பொதுவான கருத்து. எப்படிப் பார்த்தாலும் அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து ஆய்வகத்துக்கு வரும் திசு மிகக் குறைவு. வரும் திசுவிலோ கட்டிச் செல்கள் மட்டும் இருப்பதில்லை. நார்த்திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள், ரத்தக் குழாய்ச் செல்கள், வெள்ளணுக்கள் எல்லாம் கலந்துதான் இருக்கும். இதை நறுக்கி, நொதியால் பிரித்து, கன்றின் சீரம் கலந்த ஊடகத்தில் 37 டிகிரியில் வைத்தால் என்ன நடக்கும்? வேகமாகப் பெருகுபவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கட்டிச் செல் பிரிவதற்குள் ஃபைப்ரோபிளாஸ்ட்டு தரையெங்கும் விரித்துவிடும். ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்காவது ஒரு வரம்பு உண்டு: இயல்பான மனிதச் செல் 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று 1961-ல் ஹேஃப்ளிக் காட்டினார். அந்த வரம்பு இல்லாத வேறொன்று திசுவில் ஒளிந்திருந்தால்தான் வம்பு.

கேஆர்ஜே-ஐயின் கதை அதுதான். அது சிறுகுடல் கார்சினாய்டு ஒன்றிலிருந்து ஆஸ்திரியாவில் உருவாக்கப்பட்டதாக 1990-களில் வெளியானது. பிறகு 2009-ல் ஒரே நோயாளியின் மூன்று இடங்களிலிருந்து மூன்று வரிசைகள் வந்தன: முதன்மைக் கட்டியிலிருந்து பி-எஸ்டிஎஸ், நிணநீர்க் கணுவிலிருந்து எல்-எஸ்டிஎஸ், கல்லீரலிலிருந்து எச்-எஸ்டிஎஸ். ஆய்வாளர்களுக்கு இது புதையல். ஒரே மனிதரின் கட்டி எப்படி இடம் மாறி மாறிக் குணம் மாறுகிறது என்பதைக் குடுவையிலேயே ஒப்பிடலாம் அல்லவா? நிறையக் கட்டுரைகள் வந்தன. 2018-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் குழு இத்துறையின் செல் வரிசைகளை ஒன்றாக வைத்து அடிப்படையான கேள்வியைக் கேட்டது: இவை தம் பெயருக்குரிய செல்கள்தாமா? கேஆர்ஜே-ஐ, எல்-எஸ்டிஎஸ், எச்-எஸ்டிஎஸ் மூன்றும் எப்ஸ்டீன்-பார் வைரஸால் சாகாவரம் பெற்ற பி-லிம்ஃபோசைட்டுகள் என்று தெரியவந்தது. அதாவது வெள்ளணுக்கள். கட்டியில் தேட வேண்டிய நியூரோஎண்டோகிரைன் அடையாளங்கள் அவற்றில் இல்லை. பி-எஸ்டிஎஸ் மட்டும் தப்பியது.

எப்படி நடந்திருக்கும் என்பதை யோசித்தால் பெரிய மர்மம் எதுவும் இல்லை. வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் உடலில் உறங்கிக் கிடக்கிறது. உறங்கும் இடம் பி-லிம்ஃபோசைட்டு. சிறுகுடலின் கடைப்பகுதியிலோ நிணநீர்த் திசு அடர்ந்திருக்கும். நிணநீர்க் கணுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திசுவைக் குடுவையில் போட்டதும் உடலின் நோய் எதிர்ப்புக் காவல் விலகுகிறது, வைரஸ் விழிக்கிறது, அந்த லிம்ஃபோசைட்டு நிறுத்தமில்லாமல் பிரிகிறது. அது தரையில் ஒட்டாமல் கொத்துக் கொத்தாக மிதந்து வளரும். கட்டிச் செல்லும் சில வேளைகளில் அப்படித்தான் வளரும். ஆகவே கண்ணால் பார்த்தவருக்குச் சந்தேகம் வரக் காரணமில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறு. செல் வரிசையின் அடையாளத்தைச் சரிபார்க்க இன்று எல்லோரும் செய்வது எஸ்டிஆர் சோதனை. மரபணுவில் மீண்டும் மீண்டும் வரும் சிறு துண்டுகளின் நீளத்தை அளந்து, இந்தச் செல் எந்த மனிதருடையது என்று சொல்லும் முறை அது. குற்றவியல் ஆய்வகங்களில் பயன்படும் அதே தத்துவம். ஆய்விதழ்கள் அதைக் கேட்கின்றன, ஆய்வாளர்களும் சான்றிதழை இணைத்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். ஆனால் நோயாளியின் சொந்த லிம்ஃபோசைட்டு குடுவையைப் பிடித்துக்கொண்டால் எஸ்டிஆர் என்ன சொல்லும்? 'இது அதே நோயாளிதான்' என்று சொல்லும். பொய் இல்லை. ஆள் சரி, உறுப்பும் திசுவும் தவறு. இத்துறையில் வேலை செய்பவர் எஸ்டிஆர் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வெளியிலிருந்து வந்து கலக்கும் செல்லை எஸ்டிஆர் நன்றாகவே பிடிக்கும். 1951-ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள் எத்தனை குடுவைகளில் புகுந்தன என்பதை 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் சொன்னபோது அவையோர் அதை விரும்பவில்லை. செரிமான மண்டலத்துக்கு நெருக்கமான உதாரணம் உணவுக்குழாய் அடினோகார்சினோமா. அதுவும் செல் வரிசைகள் குறைவாகவே உள்ள நோய். அதற்காகப் பரவலாகப் பயன்பட்ட எஸ்இஜி-1 உண்மையில் நுரையீரல் புற்றுச் செல், பிஐசி-1 பெருங்குடல் புற்றுச் செல், எஸ்கே-ஜிடி-5 இரைப்பைப் புற்றுச் செல் என்று 2010-ல் வெளியானது. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளும் சில காப்புரிமைகளும் அவற்றின் மேல் கட்டப்பட்டிருந்தன. அரிய நோய்களில்தான் இத்தகைய தவறு நீண்ட காலம் வாழ்கிறது. மார்பகப் புற்றுக்கு ஐம்பது வரிசைகள் இருக்கின்றன. ஒன்று வித்தியாசமாக நடந்தால் கண்ணில் படும். மூன்றே மூன்று உள்ள இடத்தில் எது வித்தியாசம் என்று எப்படிச் சொல்வது?

இனி உங்கள் உறைபெட்டியில் மிச்சமிருக்கும் இரண்டு. பான்-1, கணையக் கார்சினாய்டு ஒன்று நிணநீர்க் கணுவுக்குப் பரவிய இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்காவின் கால்வெஸ்டனில் உருவாகி 1991-ல் விவரமாக வெளியானது. கியூஜிபி-1 அதைவிட மூத்தது; 1980-ல் ஜப்பானில் கணையத் தீவுச் செல் புற்று ஒன்றிலிருந்து வந்தது. இரண்டும் நியூரோஎண்டோகிரைன் அடையாளங்களைக் காட்டுகின்றன. பான்-1 செரோடோனின் சுரக்கிறது. கியூஜிபி-1 சோமாடோஸ்டாட்டின் சுரக்கிறது. உங்கள் கேள்வி சுரப்பைப் பற்றியது என்றால், அதாவது ஹார்மோன் பைகள் எப்படி நிரம்பிக் காலியாகின்றன, எந்தச் சமிக்ஞை அதைத் தூண்டுகிறது என்பது போன்றது என்றால், பான்-1 இன்றும் நல்ல கருவிதான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வரிசைகளைக் குறை சொல்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. குறை சொல்பவர்களில் பாதிப் பேர் நாளைக்கு அவற்றைத்தான் உறைபெட்டியிலிருந்து எடுத்து உருக்கப் போகிறார்கள்.

சிக்கல், பெருக்கத்தையும் மருந்தையும் பற்றிப் பேசும்போது வருகிறது. இரண்டின் மரபணுத் தொகுதியிலும் புரதக் குறியீட்டுப் பகுதியைப் படித்த ஆய்வுகள் 2015-ல் வந்தன. இரண்டிலும் செல் பெருக்கத்துக்குத் தடைபோடும் டிபி53 மரபணு பழுதடைந்திருக்கிறது. பான்-1-ல் என்ராஸ் பிறழ்வு, கியூஜிபி-1-ல் கேராஸ் பிறழ்வு; இரண்டும் செல்லைப் பெருகத் தூண்டும் ராஸ் குடும்ப மரபணுக்கள். ஆனால் நன்கு வேறுபட்ட, அதாவது இயல்பான செல்லின் சாயலை இழக்காத, கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளை 2011-ல் படித்தபோது கிடைத்த பிறழ்வுப் பட்டியல் வேறு: ஏறக்குறைய 44 விழுக்காட்டில் எம்இஎன்1, 43 விழுக்காட்டில் டாக்ஸ் அல்லது ஏடிஆர்எக்ஸ், ஏழில் ஒரு பங்கில் செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் பாதையைச் சேர்ந்த மரபணுக்கள். டிபி53-யும் ராஸ் குடும்பமும் அங்கே அரிது. அவை அதிகமாகக் காணப்படுவது, தாறுமாறாகப் பெருகும் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமாவில். அது உறவுக்காரப் பெயர் கொண்ட வேறு நோய். சிறுகுடல் கட்டிகளோ இன்னும் அமைதியானவை. பிறழ்வுகளே குறைவு, அடிக்கடி காண்பது 18-ஆம் குரோமோசோமின் ஒரு பிரதி காணாமல் போவது, சிலவற்றில் சிடிகேஎன்1பி பிறழ்வு. ஆகவே பான்-1-ல் எம்இகே தடுப்பி (ராஸின் சமிக்ஞையைக் கடத்தும் எம்இகே புரதத்தைத் தடுக்கும் மருந்து) நன்றாக வேலை செய்கிறது என்று நீங்கள் கண்டால், அதை ராஸ் பிறழ்வுள்ள செல்லில் எதிர்பார்க்க வேண்டியதுதான் என்று படிக்க வேண்டும். கணையக் கட்டி நோயாளிகளுக்கு நற்செய்தி என்று படிக்கக் கூடாது. இரண்டு வரிசைகளும் ஒரே விடை சொல்வதற்கு ராஸ் காரணமாக இருக்கலாம், கணையம் காரணமாக இல்லாமல் இருக்கலாம். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இதில் இருக்கிறது.

சோமாடோஸ்டாட்டின் ஹார்மோன் வந்து பிணையும் செல் மேற்பரப்புப் புரதமான சோமாடோஸ்டாட்டின் ஏற்பியையும் பாருங்கள். இந்த நோயின் சிகிச்சையே அதன் இரண்டாம் வகையைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆக்ட்ரியோடைடு என்ற மருந்து அதன் மேல்தான் உட்காருகிறது. அமெரிக்காவில் 2018-ல் ஒப்புதல் பெற்ற லுட்டேசியம்-177 டோட்டாடேட் என்ற கதிர்மருந்து, அதே ஏற்பியைக் கைப்பிடியாகப் பிடித்துக் கதிர்வீச்சைச் செல்லுக்குள் கொண்டுபோகிறது. நோயாளிகளின் கட்டிகள் பலவற்றில் அந்த ஏற்பி தாராளமாக உண்டு. பான்-1-லும் கியூஜிபி-1-லும் மிகக் குறைவு. கைப்பிடி இல்லாத கதவில் பூட்டைச் சோதித்து என்ன பயன்? ஏற்பியை வெளியிலிருந்து மரபணுவாகச் செலுத்திய பான்-1 வகைகளைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். கதிர்மருந்து பிணைகிறதா, உள்ளே போகிறதா என்று பார்க்க அது போதும். அதற்கு மேல் கேட்டால் செயற்கையான விடைதான் வரும்.

நோய்க்கு நெருங்கியவை மூன்றைச் சொல்லலாம். கோதன்பர்க்கில் உருவாகி 2001-ல் வெளியான ஜிஓடி1, சிறுகுடல் கார்சினாய்டின் கல்லீரல் பரவலிலிருந்து வந்தது. மேலே சொன்ன பி-எஸ்டிஎஸ் இரண்டாவது. ஹாம்பர்க்கிலிருந்து 2018-ல் வந்த என்டி-3, நன்கு வேறுபட்ட கணையக் கட்டியின் நிணநீர்க் கணுப் பரவலிலிருந்து எடுக்கப்பட்டது, ஏற்பிகளையும் காட்டுகிறது. ஜிஓடி1, என்டி-3 இரண்டும் மெதுவானவை. பான்-1 இரண்டு மூன்று நாளில் இரட்டிக்கும் இடத்தில் ஜிஓடி1-க்கு வாரக் கணக்கு. நான் முன்பு வேலை பார்த்த ஆய்வகம் ஒன்றில் இப்படி மெதுவாக வளரும் வரிசையின் குடுவைகளை, விடுமுறை முடிந்து வந்த புதியவர் ஒருவர் 'செத்துவிட்டன' என்று நினைத்து ப்ளீச் ஊற்றிக் கொட்டிவிட்டார். செத்தவை அல்ல, அவற்றின் வேகமே அதுதான். அதன் பிறகு அந்த இன்குபேட்டர் தட்டில் 'உயிரோடு இருக்கிறோம்' என்று ஒரு சீட்டு ஒட்டினோம்.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மருந்துச் சோதனைகளின் வழக்கமான நீளம் 72 மணி நேரம். பான்-1-க்கு அது ஒன்றிரண்டு பிரிவுகளுக்கான காலம். ஜிஓடி1-க்கு ஒரு பிரிவில் சிறு பங்கு. பிரிவைத் தடுக்கும் மருந்தை மெதுவான செல்லில் மூன்று நாள் வைத்து அளந்தால், சோதனைத் தட்டில் மருந்திட்ட குழியும் இடாத குழியும் ஒரே எண்ணைத்தான் காட்டும். செல் எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது என்று முடிவெழுதுவீர்கள். செல் பிரியவே இல்லை, பின் எதை மருந்து தடுப்பது? ஆகவே தொடக்க நாளின் செல் எண்ணிக்கையைக் கட்டாயம் அளந்து வையுங்கள். இறுதி எண்ணை மட்டும் பார்க்காமல் வளர்ச்சி வீதத்தைக் கணக்கில் எடுத்து மருந்தின் விளைவைச் சொல்லுங்கள். மெதுவான வரிசைக்கு இரண்டு மூன்று வாரச் சோதனையைத் திட்டமிடுங்கள். ஊடகத்தை மாற்றும்போதெல்லாம் மருந்தையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான்.

சலிக்காமல் கேட்கத் தகுந்த மாற்றுக் கதை ஒன்று உண்டு. செரிமான மண்டலத்தின் இன்னொரு அரிய கட்டியான ஜிஸ்ட். அதில் பெரும்பாலானவற்றுக்குக் கிட் என்ற மரபணுவின் பிறழ்வுதான் காரணம் என்று 1998-ல் ஜப்பானியக் குழு காட்டியது. ஜிஸ்ட்882 என்ற செல் வரிசையில் அதே மரபணுவில் ஒரு பிறழ்வு இருந்தது. அதில் இமாடினிப் கிட்டின் சமிக்ஞையை அணைப்பதை 2001-ல் காட்டினார்கள். அதே ஆண்டு, அந்த மருந்து கொடுக்கப்பட்ட முதல் நோயாளியின் கட்டி சுருங்கிய செய்தியும் வெளியானது. அங்கேயும் வரிசைகள் கைவிரல் எண்ணிக்கைதான். ஆனால் நோயை ஓட்டும் இயந்திரம் எதுவோ அது குடுவைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. நியூரோஎண்டோகிரைன் கட்டியில் அப்படி ஒற்றை இயந்திரம் கிடைக்கவில்லை. எனவே 'ஒரு நல்ல வரிசை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

ஜெல்லுக்குள் முப்பரிமாணமாக வளர்க்கப்படும் ஆர்கனாய்டுகள் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020-ல் ஜப்பானில் நியூரோஎண்டோகிரைன் புற்றுகளின் ஆர்கனாய்டு வங்கி ஒன்றை உருவாக்கினார்கள். இருபதுக்கு மேற்பட்ட வரிசைகள். அவற்றில் பெரும்பான்மை, வேகமான கார்சினோமாக்கள். மெதுவான கட்டிகளிலிருந்து தேறியவை சில மட்டுமே. பழைய கதைதான்: தட்டையான குடுவையில் வேகமானது வெல்கிறது, ஜெல்லுக்குள்ளும் வேகமானதே வெல்கிறது. நோயாளியின் திசுவிலிருந்து எடுத்த சிறு செல் உருண்டைகளைச் சாகாவரம் கேட்காமல் ஓரிரு வாரங்கள் மட்டும் வைத்து மருந்து சோதிக்கும் முறை எனக்கு இங்கே அதிக நேர்மையானதாகத் தோன்றுகிறது. அறுவைச் சிகிச்சைப் பிரிவோடு நல்ல உறவு இருந்தால் மட்டுமே அது நடக்கும். எலிகளை விட்டுவிடுகிறேன், அது தனிக் கேள்வி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதல் மாதம் மருந்தையே எடுக்க மாட்டேன். உறைபெட்டியிலிருந்து பான்-1, கியூஜிபி-1 இரண்டையும் உருக்கி, பெருகியதும் முதல் வேலையாகப் பத்துப் பதினைந்து குப்பிகளைத் திரும்ப உறைய வைப்பேன். எம்சிஎஃப்-7 என்ற ஒரே மார்பகப் புற்றுச் செல் வரிசையின் 27 கிளைகளை 2018-ல் ஒப்பிட்டபோது, சில கிளைகளைக் கடுமையாகத் தாக்கிய மருந்துச் சேர்மங்களில் குறைந்தது முக்கால்வாசி, வேறு சில கிளைகளில் துளியும் வேலை செய்யவில்லை. பெயர் ஒன்றாக இருந்தும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் செல் விலகிப் போகிறது. ஆகவே எத்தனையாவது பாசேஜ் (செல்களைப் பிரித்துப் புதிய குடுவைக்கு மாற்றிய முறை) என்பதைக் குப்பியிலும் குறிப்பேட்டிலும் எழுதி, அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு பாசேஜுக்கு மேல் ஓட்டாமல் புதிய குப்பிக்குத் திரும்புவேன். செல் குடுவைகளில் ஒளிந்து வளரும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனை அன்றே. பிறகு மாதம் ஒருமுறை. அது நுண்ணோக்கியில் தெரியாது, ஊடகம் கலங்காது, எல்லா அளவீட்டையும் சத்தமில்லாமல் கெடுக்கும்.

எஸ்டிஆர் செய்வேன். அதோடு நிற்காமல் நியூரோஎண்டோகிரைன் அடையாளங்களான சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் ஏ, சோமாடோஸ்டாட்டின் ஏற்பி 2 மூன்றுக்கும் சாயமிட்டுப் பார்ப்பேன். மிதந்து வளரும் எந்த வரிசைக்கும் வெள்ளணு அடையாளமான சிடி45, பி-செல் அடையாளமான சிடி20, கூடவே எப்ஸ்டீன்-பார் வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் ஒரு பிசிஆர் சோதனை. கேஆர்ஜே-ஐ குப்பியைத் தூக்கி எறிய வேண்டாம். அந்தப் பிசிஆருக்கு நேர்மறைச் சான்றாக அதைவிடப் பொருத்தமான மாதிரி உங்களுக்குக் கிடைக்காது. குப்பியின் பெயர்ச்சீட்டில் 'லிம்ஃபோசைட்டு' என்று சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அதை முதல் நாளே படிக்கட்டும்.

பிறகு வழிகாட்டியிடம் போய், ஜிஓடி1 அல்லது என்டி-3 கிடைக்குமா என்று உருவாக்கிய குழுவுக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம், சுங்கம், உலர்பனிப் பெட்டி எல்லாம் சேர்ந்து சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை பான்-1-ஐ வைத்துச் சோதனை முறையைச் செம்மைப்படுத்தலாம். ஆய்வேட்டின் தலைப்பில் மட்டும் 'நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில்' என்று எழுதாமல் 'ராஸ் பிறழ்வுள்ள இரு கணைய நியூரோஎண்டோகிரைன் செல் வரிசைகளில்' என்று எழுதுங்கள். தலைப்பு நீளம் என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.